சிரிக்காத படம்

அந்தப் படத்தைப் பத்திரிகைக்காரனிடம் எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருந்த பிளாசாவில் ஒரு கடையை உடைத்துவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற என் தம்பியைச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பாண் சுடுகிற பேக்கரி ஃபக்டரி ஒன்றில் வேலை அவனுக்கு. அன்று பின்னேரமே ஒரு பத்திரிகைக்காரன் கதவைத் தட்டினான். எங்கள் பக்கத்தைக் கேட்க வந்திருக்கிறான் என்று நம்பி, இருத்தித் தேத்தண்ணியும் கொடுத்தேன். தம்பியின் படம் ஒன்று கேட்டான். ஆல்பத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படங்கள் எத்தனையோ இருந்தன. அதெல்லாம் மரியாதையில்லை என்று தள்ளிவிட்டு, கல்யாணம் பேச வைத்திருந்த ஸ்டூடியோப் படத்தைக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் ஸ்டூடியோவில் சிரிப்பார்களா? விறைத்த கழுத்து, தடித்த மீசை, நேரே முறைக்கிற கண்.

மறுநாள் அந்த முறைப்பு பேப்பரில் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'தமிழ்க் கும்பல்'. அதே பக்கத்தின் கீழே, கத்தியோடு வங்கிக்குள் போன ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பட்டமளிப்புத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல நீச்சல்காரனாம். நாய் என்றால் உயிராம். அவன் என்ன இனம் என்று ஒரு சொல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் உண்மையான கள்ளர் பிடிபட, தம்பியை விட்டுவிட்டார்கள். அதைப் பேப்பர் எழுதவில்லை. ஃபக்டரி அவனை உள்ளே எடுக்கவில்லை. பேப்பரில் வந்தது பிழையென்று பேப்பரே சொன்னால் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர்.

"விடுங்கோ அக்கா. வேற வேலை பாப்பம்."

"நீ பேசாம இரு. உன்ரை மூஞ்சியைக் குடுத்தது நான். நானே திருப்பி வாங்கிக்கொண்டு வாறன்."

இரண்டு பஸ் மாறிப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். பொலிஸ் சொன்னதைத்தான் போட்டோம் என்றார் ஆசிரியர். அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, என் உடைந்த இங்கிலீசில் கேட்டேன்: "இந்தப் பெடியனின் நீச்சலையும் பொலிஸா சொன்னது?"

மனிதர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொருமுறை வாசித்தார். திருத்தம் போடலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். "அதே பக்கத்தில். இந்தப் படத்தோடு," என்று, தம்பி பனிக்குள் நின்று சிரிக்கிற படத்தை நீட்டினேன். அதற்கு அவர் சம்மதிக்கும்வரை கதிரையை விட்டு எழும்புவதாக எனக்கு எண்ணமே இல்லை.

திருத்தம் வந்தது: நாலே வரி, தபால் முத்திரை அளவில் படம். ஆனால் அதே பக்கம். வெட்டியெடுத்து நானே கொண்டுபோய் சூப்பர்வைசரின் கையில் கொடுத்தேன். திங்கட்கிழமை தம்பி வேலைக்குப் போனான்.

அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போதும் சிரிப்பு, அம்மி மிதிக்கும்போதும் சிரிப்பு. கமராக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. பெண் வீட்டு அன்ரி ஒருவர் என் காதுக்குள், "மாப்பிளை என்ன இப்பிடி இளிச்சுக்கொண்டு நிக்கிறார்?" என்றார்.

நான் மணவறைக்குக் கிட்டப் போய், "கொஞ்சம் வாயை மூடடா," என்றேன்.

"ஏலாது அக்கா," என்றான், சிரிப்பைக் குறைக்காமலே. "இதிலை எந்தப் படத்தை நாளைக்கு எவன் வந்து கேப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்?"