உப்புத் தண்ணீரில் துடைத்த பழம்

தூத்துக்குடியில் கருவாட்டுக் களத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மகள் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். ஆறு மாத விசாவில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். நான் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மாதம் உட்கார்ந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி அந்தத் தோட்டம் தெரிந்தது. காரில் மூன்று மணி நேரம், மலையடிவாரம். வயதான ஜப்பான்காரர்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். கூலி கிடையாது. அறுவடைக்குக் கை கொடுத்தால் அறையும் சாப்பாடும் உண்டு. ஊர் சுற்ற வரும் பிள்ளைகள் அப்படித் தங்குவார்களாம். நான் போகிறேன் என்றேன்.

"யப்பா, ஊர்ல வெயில்ல காஞ்சது பத்தாதா? பிளேன் ஏறி வந்து இங்கயும் காயப் போறீயளா?" என்றாள்.

"ரெண்டு மாசமா உன் சோபாவுலதான் காயுதேன்."

சிரித்தாள். சனிக்கிழமை கொண்டுபோய் விட்டாள்.

பழத்துக்குப் பெயர் பெர்சிமன். பார்க்கப் பெரிய தக்காளி மாதிரி இருக்கும். அப்படியே கடித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தோலைச் சீவி, காம்பில் நூல் கட்டிக் கொட்டகையில் தொங்கவிடுகிறார்கள். ஒரு வாரம் போனதும் ஒவ்வொரு பழத்தையும் கையில் பிடித்து மெல்ல அமுக்கி நீவிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சதை இளக வேண்டும், தோல் கிழியக் கூடாது. என் கை உப்பில் ஊறித் தடித்த கை. முதல் நாளே இரண்டு பழம் கிழித்தேன். அந்தம்மா என் கட்டைவிரலைப் பிடித்து, எவ்வளவு அமுக்க வேண்டும் என்று என் உள்ளங்கையிலேயே அமுக்கிக் காட்டினார். பிறகு நான் கிழிக்கவில்லை.

அவருடைய புருஷன் முன்னறையில் கட்டிலில் கிடந்தார். வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் இறங்கினால் பெரிது. அவர் பார்வைக்கு நேராக, ஜன்னலுக்கு வெளியே, ஒரு சரம் தனியாகத் தொங்கியது. பதினாறு பழம். மற்றதற்கெல்லாம் முன்னால், வீட்டை ஒட்டி நின்ற மரத்தில் பறித்துக் கட்டியது. அவர் சாப்பிடக் கேட்டது அது ஒன்றுதான் என்று அந்தம்மா எனக்குச் சொன்னார். இன்னும் ஒரு வாரத்தில் பக்குவமாகிவிடும், அதுவரை இருப்பார் என்றார். எனக்குப் பத்து வார்த்தை இங்கிலீஷ்தான். ஆனாலும் இது புரிந்தது.

அந்த வாரம் நாலு நாள் விடாமல் மூடுபனி. ஐந்தாம் நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. வயிற்றில் சேர்ந்த நீரை எடுத்துவிட்டு மாலையில் திரும்பக் கொண்டுவருவார்கள். அந்தம்மாவும் கூடப் போனார். வீட்டில் நான் மட்டும்.

ஜன்னல் சரத்தைப் பார்த்தேன். பழத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பதினாறிலும்.

களத்தில் வெள்ளை என்றால் பூசணம். ஈரக்காற்று அடித்தால் கருவாட்டில் ஏறும். கண்டவுடன் உப்புத் தண்ணீரில் துணியை முக்கித் துடைத்து வெயிலில் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் மூட்டையே போகும். எனக்குத் தெரிந்த வேலை அது. அந்தம்மா வரும் வரைக்கும் விட்டால் அந்த மனுஷனுக்குப் பழம் இல்லை என்று நினைத்தேன்.

தண்ணீர் சுட வைத்து உப்புப் போட்டேன். சுத்தமான துணி எடுத்தேன். சரத்தை இறக்கி ஒவ்வொரு பழமாக, மடிப்புக்குள் எல்லாம் விட்டுத் துடைத்தேன். மதியம் பனி விலகி வெயில் வந்தது. காய வைத்து, பழையபடி தொங்கவிட்டேன். நல்ல வேலை செய்துவிட்டதாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்தார்கள். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு அந்தம்மா ஜன்னல் பக்கம் போனார். அங்கேயே நின்றார். ஒரு பழத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் திறந்தார். சர்க்கரையைக் காட்டினார். பழத்தைக் காட்டினார்.

பழத்துக்குள் இருக்கும் இனிப்பு வெளியே வந்து பூப்பதுதான் அந்த வெள்ளை. அதற்காகத்தான் அத்தனை நாள் நீவுவது.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்து, தான் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார்.

பழம் ஈரத்தை இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பிசுபிசுத்தது. நாலாம் நாள் பச்சையாக நிஜப் பூசணமே வந்தது. புருஷன் தூங்கும்போது அந்தம்மா சரத்தை அறுத்து எடுத்துவிட்டார். கொட்டகைப் பழம் பக்குவமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

மகளுக்கு போன் பண்ணி, நீ வந்து என் சார்பாகப் பேச வேண்டும் என்றேன். தெரியாமல் செய்ததுதானே, மெசேஜ் அனுப்புகிறேன் என்றாள். நேரில் வா என்றேன். வந்தாள். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் சொன்னாள். அந்தம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார்.

"என்ன சொல்லுதாங்க?"

"அவர்ட்ட சொல்லலையாம். பழத்துக்கு இன்னும் வெயில் பத்தல, அதான் உள்ள எடுத்து வச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்களாம். நீங்களும் அப்படியே சொல்லணுமாம்."

நான் தலையாட்டினேன். மகள் என்னைக் கிளம்பச் சொன்னாள். பெட்டியைக்கூட எடுத்துவிட்டாள். கொட்டகைப் பழம் இருக்கிறது, வரமாட்டேன் என்றேன்.

கொட்டகையில் இருந்ததை நான்தான் நீவினேன். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. சீக்கிரம் வெளுக்காதா என்று பார்ப்பேன். நீவுவதால் நாள் குறையாது.

ஒரு பகலில் அந்தம்மா அசந்து தூங்கிவிட்டார். நான் அவர் புருஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். கை தூக்க வலுவில்லை. விரலை மட்டும் ஜன்னல் பக்கம் அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நோ சன்," என்றேன்.

வெயில் அவர் போர்வை மேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் நாள் இறந்தார்.

அடக்கம் முடிந்து ஒன்பது நாள் கழித்துக் கொட்டகையில் வெளுத்தது. அந்தம்மா வந்து பார்த்தார். நல்ல வெள்ளை. ஒன்றை அறுத்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். கையை எடுக்கவில்லை. நான் தின்னும் வரை அங்கேயே நின்றார்.

தின்றேன். நல்ல இனிப்பு.