கடைசிவரை லைனில் நின்றவர்

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றோம். என் கையில் பாதி கடித்த மரக்கறி ரோல்ஸ். ஜெசிந்தா நேரே என்னிடம் வந்தார். பூசைக்குப் போட்ட முக்காடுகூடத் தலையிலிருந்து இறங்கவில்லை.

"அன்ரன் அண்ணை, உங்களை நம்பித்தானே என்ர பிள்ளையின்ர கதையைச் சொன்னனான்? ஊர் முழுக்க நாறடிச்சுப்போட்டியளே!"

மண்டபத்தில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஜெசிந்தா."

"அப்ப ஆர் சொன்னது? மாதா வந்து சொன்னவவோ? எனக்கும் உங்களுக்கும் தவிர இந்த லண்டனில ஆருக்குத் தெரியும்?"

பின்னால் யாரோ மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "அன்ரன்ர வாய் தெரிஞ்சதுதானே." இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் ரோல்ஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். காருக்குள் ஏறிக் கதவை அடித்த அடியில் கண்ணாடி உடையாதது அதிசயம்.

சகோதரரே, என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுவேன். பங்குச் சுவாமியிடமே, பிரசங்கம் நீண்டுவிட்டது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று சொன்ன ஆள். ஆனால் ஒருவர் என்னை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னது கிடையாது. அன்றைக்கு அதை நம்ப ஆளில்லை.

கதை இதுதான். நான் மன்னார். லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். வீடு தோர்ண்டன் ஹீத்தில். பல வருடங்களாகக் காலையில் ஒரு போன் செபம் நடத்துகிறேன். எல்லோரும் ஒரே நம்பருக்கு அடித்து லைனில் சேர்வார்கள். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். செபமாலை சொல்லி, விண்ணப்பங்களைச் சொல்லி, நான் முடிப்புச் செபம் சொல்லுவேன். பிறகு "சரி அண்ணை, வைக்கிறன்" என்று ஒவ்வொருவராகப் போவார்கள். வேலைக்கு நடந்து போகிறவர், பிள்ளைக்குத் தலை பின்னுகிறவர், அடுப்பில் சோறு வைத்திருப்பவர் என்று எல்லாவிதமான ஆட்களும் அதில் இருந்தார்கள். எனக்குப் பின்னேர ஷிப்ட். காலை ஆண்டவருக்கு. இதைத்தான் அவர் என்னிடம் கேட்டார் என்று நான் நம்புகிறேன். எனக்குப் பாட வராது, பிரசங்கம் வராது. போனில் ஆட்களைக் கூட்டிச் செபிக்க வரும்.

ஜெசிந்தா அந்த லைனுக்கு ஒருநாளும் தவறாதவர். புருசனைப் பறிகொடுத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஒரே மகள் ஷெரின். அந்தப் பிள்ளைக்கு லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு நல்ல குடும்பத்தில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அப்போதுதான் பிள்ளைக்கு மனம் சுகமில்லாமல் போனது. சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, பேச்சும் இல்லை. மனநல வார்டில் வைத்தார்கள். எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்ல ஏலுமா? சுகர் என்றால் சொல்லுவோம். ஹார்ட் என்றால் பெருமையாகக்கூடச் சொல்லுவோம். இதைச் சொல்லமாட்டோம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஜெசிந்தா என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். நான் மத்தியானத்தில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வெளியே நின்று, திரும்பக் கூட்டிவந்து, பிறகு வேலைக்குப் போவேன். என் மனைவி றெஜினாவுக்குக்கூட என்ன வியாதி என்று நான் சொல்லவில்லை.

பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "பிள்ளைக்கு மனநோயாம். மறைச்சுப்போட்டியள். பிரெயர் லைன் ஆக்கள் செபிக்கினமாம், எங்களுக்குத்தான் தெரியாது." கலியாணம் நின்றது. பிரெயர் லைன் என்றால் அன்ரன். ஜெசிந்தாவுக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் பிடித்திருப்பேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் றெஜினா கேட்டாள். "உண்மையாச் சொல்லுங்கோ. எங்கையும் வாய்தவறி விட்டனீங்களோ?"

"நீயுமோ?"

"நான் கேக்கத்தான் வேணும். நான் கேக்காமல் விட்டா உங்களுக்கு இன்னும் கோபம் வரும்."

"விடேல்லை."

"சரி. அப்ப சாப்பிடுங்கோ." அதற்குமேல் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த ஒரு ஆளாவது நம்பினாள்.

லைனில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். அருளப்பு மாஸ்ரர் எனக்குப் போன் அடித்தார். எங்களுக்குள் மூத்தவர், நல்ல மனிதர்.

"தம்பி, கொஞ்ச நாளைக்கு லைனை வேற ஆள் நடத்தட்டும். ஆக்களின்ர மனம் ஆறட்டும்."

"நான் செய்யாததுக்கு நான் ஏன் விடவேணும் மாஸ்ரர்?"

"செய்தாய் எண்டு நான் சொல்லேல்லை."

"செய்யேல்லை எண்டும் சொல்லேல்லையே."

அவர் போனை வைத்தார். அடுத்த கிழமை வேறொரு லைன் தொடங்கிவிட்டது. ஆட்கள் அங்கே போனார்கள். ஜெசிந்தா எந்த லைனிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகிறார் என்று கேள்விப்பட்டேன். என் பெயர் கெட்டதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். பொய் சொல்லமாட்டேன், அது செபமே இல்லை. "நீர் கூப்பிட்டீர், வந்தேன். இப்போது நான் கள்ளன் மாதிரி நிற்கிறேன். உமக்கு வாய் இல்லையா? சொல்லும் ஆண்டவரே, ஆர் செய்தது என்று சொல்லும்!" பதில் ஒன்றும் வரவில்லை. லைனை விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். ஆனால் காலை வந்ததும் கை தானாக அந்த நம்பரை அடிக்கும். என்னை இதற்குக் கூப்பிட்டது ஜெசிந்தாவும் இல்லை, மாஸ்ரரும் இல்லை. அவர்கள் போ என்றால் நான் எப்படிப் போவது?

கடைசியில் லைனில் மிஞ்சியது இரண்டே பேர். நானும் பிலோமினா மாமியும்.

மாமிக்கு முழங்கால் வருத்தம், வெளியே வருவது குறைவு. முன்பு சட்டனில் இருந்தவர், இப்போது மகளோடு இருக்கிறார். மகள் காலையில் வேலைக்குப் போகும்போது எங்கள் லைனுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மாமிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். போனை நிற்பாட்ட மாமிக்குத் தெரியாது. எல்லோரும் வைத்த பிறகும் மாமியின் குக்கர் விசில் லைனில் கேட்கும். நாங்கள் பல தடவை சிரித்திருக்கிறோம்.

ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் மாமி லைனில் ஆமென் மட்டும்தான் சொல்லுவார். ஒருநாள் செபமாலை முடிந்து விண்ணப்பம் சொல்லும் நேரம் மாமி தொடங்கினார். "ஆண்டவரே, ஜெசிந்தாவின்ர பிள்ளை ஷெரின் அந்த வார்டில கிடக்குது. சாப்பிட மாட்டனெண்டுதாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு இறங்கப் பண்ணும்."

"மாமி, இது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஏன் தம்பி, அவதானே சொன்னவ. ஒருநாள் நீங்கள் எல்லாரும் செபிச்சு முடிய, அவ தனிய அழுதழுது மன்றாடினவ. நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். பாவம், ஒருத்தரும் ஆமென் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

விளங்கியது. ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் துடைப்பம் வைக்கும் சின்ன அறைக்குள் நின்றுதான் லைனில் சேர்வார். எல்லோரும் போய்விட்டார்கள், செபம் முடிந்தது என்று நினைத்து, காதில் செருகிய இயர்போனைக் கழற்றாமலே, மகளுக்காகத் தனியே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். போனை வைக்க மறந்துவிட்டார். மாமியோ வைக்கத் தெரியாமல் நின்றிருக்கிறார். ஜெசிந்தா லைனில் எல்லோரிடமும் செபம் கேட்கிறார் என்றே மாமி நினைத்துவிட்டார்.

"மாமி, வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல்? சட்டனில இருக்கிற எங்கட செபமாலை ஆக்கள் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னனான். எல்லாரும் செபிக்கினம் தம்பி!" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம்.

எனக்கு வந்த கோபத்தில் சுவரில் குத்தலாம் போலிருந்தது. நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் மாமி அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார். "ஆண்டவரே, இந்த அன்ரன் பிள்ளையின்ர லைனில ஆக்கள் குறைஞ்சு போச்சினம். ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை. அவன் தனிச்சுப் போனான். அவனைக் கைவிடாதேயும்."

நான் ஆமென் சொன்னேன். வேறு என்ன சொல்ல? பிறகு இவ்வளவுதான் கேட்டேன். "மாமி, ஷெரினைப் பற்றி இனி வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எங்கட ரெண்டு பேற்ற செபம் போதும்."

"ஓம் தம்பி. அதுவும் சரிதான்."

அன்று பின்னேரம் பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்தியிருந்தபோது ஜெசிந்தாவுக்குப் போன் அடித்தேன். ஒரே வசனம் போதும். நான் இல்லை, மாமிதான் என்று சொன்னால் முடிந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மாமியின் குரல்தான் காதில் நின்றது. நடக்க ஏலாத மனுசி. செபம் ஒன்றுதான் அவருக்கு இருக்கிற வேலை. உங்கள் செபம் ஒரு பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பியது என்று அவரிடம் போய்ச் சொன்னால், பிறகு அவர் வாய் திறந்து செபிப்பாரா?

போனைக் கட் பண்ணினேன். "நீரே பாரும்" என்றேன். அது நல்ல மனதோடு சொன்னதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. கண் கலங்கியது. பஸ் ஓட்டுகிறவன் அழக்கூடாது, ரோட்டுத் தெரியாது. துடைத்துவிட்டு பஸ்ஸை எடுத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்தது. கோவிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். பாடுகளின் வரலாறு வாசித்தார்கள். பொய்க் குற்றம் சாட்டியவர்களுக்கு முன்னால் ஆண்டவர் பேசாமல் நிற்கும் இடம் வந்தது. அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்காது. கோபம் வரும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றும். அன்றைக்கு மட்டும் கோபம் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம் போலிருந்தது.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தேன். ஜெசிந்தா ஷெரினோடு நின்றார். பிள்ளை வீட்டுக்கு வந்து சில நாள்தான். மெலிந்திருந்தாள். ஆட்கள் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு விலகிப் போனார்கள். அப்போது தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மாமி வந்தார். குருத்தோலை வாங்க வருடத்தில் ஒருநாள் எப்படியும் வந்துவிடுவார். நேரே அந்தப் பிள்ளையிடம் போனார்.

"நீதானே ஷெரின்? சாப்பிடுறியே பிள்ளை? உனக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னனான்."

ஜெசிந்தா மாமியின் பக்கம் திரும்பினார். "மாமி, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீதானே மோனை. லைனில அப்பிடி அழுது கேட்டனி. நான் கேட்டிட்டுச் சும்மா இருக்கிறதே? சட்டனில எங்கட ஆக்களையும் செபிக்கச் சொன்னனான்."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டார். ஷெரின்தான் முதலில் அசைந்தாள். மாமியைக் கட்டிப்பிடித்தாள்.

"தாங்க்யூ மாமி. என்னை ஒருத்தரும் சாப்பிட்டியா எண்டு கேக்கேல்லை. எல்லாரும் வெதர் பற்றித்தான் கதைக்கினம்." பிறகு தாயைப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ஓகே. தெரிஞ்சா தெரியட்டும். ஒளிச்சு ஒளிச்சு எனக்குக் களைச்சுப் போச்சு."

மாமி தன் குருத்தில் மடித்த சிலுவையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் காருக்குப் போகத் திரும்பினேன். ஜெசிந்தா பின்னால் ஓடிவந்தார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமோ மாமி எண்டு?"

"ஓம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை? நான் உங்களை எவ்வளவு பேசினனான்!"

"சொன்னா அந்த மனுசி செபிக்கிறதை விட்டிடும்."

ஜெசிந்தா அழுதார். நானும்தான். பிறகு நான், என் குணம் போகுமா, "இரண்டு பஸ் மாறிப் போனியே, விசர் பிடிச்சனியே? ஒரு போன் அடிச்சிருந்தா வந்திருப்பன்" என்று ஏசினேன். அழுகைக்குள் அவர் சிரித்தார். திரும்பக் கோவில் வாசலுக்குப் போய் அருளப்பு மாஸ்ரரையும் மற்றவர்களையும் கூப்பிட்டு நடந்ததை அவரே சொன்னார். என் வாயால் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டவருக்கு வாய் இருக்கிறது. அன்றைக்கு அது மாமியின் வாய்.

இதை எழுதுமுன் ஷெரினிடம் கேட்டேன். "எழுதுங்கோ அங்கிள், பேரை மட்டும் மாத்துங்கோ" என்றாள். எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மாமியிடமும் போய் இருந்து முழுக் கதையும் சொன்னேன். சொல்லாமல் எழுதினால் அது முதுகுக்குப் பின்னால் கதைப்பது. மாமி நீண்ட நேரம் அழுதார். எனக்குப் பயமாயிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப அந்த மாப்பிள்ளை வீட்டுக்காறருக்காகவும் செபிப்பம் தம்பி, அவையளும் பாவம்" என்றார். நான் பயந்தது நடக்கவில்லை. மாமியை நான் குறைத்து எடை போட்டிருந்தேன். ஆண்டவரையும்தான்.

ஷெரின் மருந்து எடுக்கிறாள், வேலைக்குப் போகிறாள். சில காலைகளில் தாயோடு லைனுக்கு வருகிறாள். தனக்கு என்ன வியாதி என்று பெயர் சொல்லி, தனக்காகச் செபிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அதைக் கேட்ட பிறகு மற்றவர்களும் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் மாறியிருக்கிறேன். கொஞ்சம்தான். கோபம் வரும்போது இப்போது முதலில் ஆண்டவரிடம் கத்துகிறேன். அவர் தாங்குவார்.

செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு இதை வாசிக்கிற சகோதரமே, உன் பெயரை உன்னால் காப்பாற்ற ஏலாமல் இருக்கலாம். அதை அவரிடம் விடு. ஆனால் அவர் உன்னை நிற்கச் சொன்ன இடத்தை விட்டுப் போகாதே. பல்லைக் கடித்துக்கொண்டாவது நில். நான் அப்படித்தான் நின்றேன்.

இப்போதும் காலையில் முடிப்புச் செபம் சொல்லிவிட்டு, "எல்லாரும் போனை வையுங்கோ, வைச்சாச்சோ எண்டு பாருங்கோ" என்கிறேன். ஒவ்வொருவராக வைக்கிறார்கள். கடைசியில் குக்கர் விசில் கேட்கும்.

"மாமி, நிக்கிறியளோ?"

"நிக்கிறன் தம்பி."

எல்லோரும் வைத்துவிட்டுப் போன பிறகும் எனக்காக நின்றவர் ஒருவர் உண்டு. உனக்காகவும் ஆண்டவர் லைனில் நிற்கிறார். பேசிப் பார்.