பத்தொன்பது நாள் திறக்காத கடிதம்

சாலாத்திகா ஊரில் எங்கள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முர்னி அக்காவும் நானும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். அவர் கணினி படித்தவர் இல்லை. கருவி காட்டும் எண்ணை ஒருவர் தாளில் எழுத, இன்னொருவர் அதைக் கணினியில் ஏற்ற, நடுவில் ஒன்று ஏழாகிவிடும். அந்தக் கொடுமை பொறுக்காமல் தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கருவியிலிருந்து எண்ணை நேராக வார்டுத் திரைக்குக் கொண்டுபோகும் ஒரு சின்ன மென்பொருள். ‘ஜெம்பாத்தான்’ என்று பெயர் வைத்தார். எங்கள் மொழியில் பாலம் என்று அர்த்தம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டார்.

நாற்பது நாடுகளில் எடுத்துக்கொண்டார்கள். திருத்த வந்தவர்கள்தான் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் வந்த கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவார். நேபாளத்து மலையூரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பத்தே நிமிடத்தில் தெரிந்ததாம். தாயும் பிள்ளையும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தார்களாம். அன்று முழுக்க அக்காவின் முகத்தில் சிரிப்பு இறங்கவே இல்லை.

“இதுக்கு மேல என்ன வேணும் தார்த்தி, சொல்லு?”

பிறகு கடிதங்களின் குரல் மாறியது. தினமும் விடியற்காலைத் தொழுகை முடித்து, உலையில் அரிசி வேகும் வரை உட்கார்ந்து பதில் எழுதுவார். போதவில்லை. ‘முடியாவிட்டால் விலகிப் போ, முடிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எவனோ எழுதுவான். கருவி விற்கும் ஒரு நிறுவனம் ஜெம்பாத்தானைத் தன் கருவிகளோடு சேர்த்தே கொடுத்தது. ஆனால் வாடிக்கையாளர் புகார்களை மட்டும் அக்காவுக்குத் திருப்பிவிட்டது. ‘வேகம் போதாது. வியாழக்கிழமைக்குள் சரிசெய்து தரவும்’ என்று அதன் மேலாளர் ஒருமுறை எழுதினார். அக்கா அவசர அவசரமாகச் செய்து கொடுத்தார். ஒரே ரத்தத்தின் எண் இரண்டு முறை போகாமல் தடுத்தால் வேகம் கூடும் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தார்.

அந்தப் பிப்ரவரியில் அவர் கணவர் வஹ்யோனோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. ஊட்டுவதும் துடைப்பதும் அக்காதான். அந்த நிலையிலும் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

“அதைக் கொஞ்ச நாள் தொடாதீங்கக்கா. உலகம் ஒண்ணும் முழுகிப் போயிடாது” என்றேன்.

சொன்னது நான்தான். இதுவரை அவர் அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது இருநூறு கடிதங்களுக்கு மேல் கிடந்தன. பயந்துபோய், கத்தியவர்களுக்கு முதலில் பதில் எழுதினார். ‘வணக்கம், ஒரு சிறு சந்தேகம்’ என்று தலைப்பிட்ட கடிதத்துக்கு வர மேலும் சில நாட்களாகிவிட்டன. வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. திமோர் தீவில் ஒரு சின்ன மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலிருந்து நாஹக் என்பவர் எழுதியது. ஒரே ரத்தத்தை மறுபடி சோதித்தால் புது எண் திரைக்கு வருவதில்லை, பழைய எண்ணே நிற்கிறது, நான் ஏதும் தவறாகச் செய்கிறேனா என்று கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே அவருடைய இன்னொரு கடிதம். மூன்று நாளைக்கு முன் வந்தது. ஒரு பெண் இறந்துவிட்டார்.

கருவி முதலில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்று தவறாகக் காட்டியிருக்கிறது. அன்று கூடத்தில் பணியில் இருந்தவர் சந்தேகப்பட்டு மறுபடி சோதித்ததில் அறுபத்தொன்று. வார்டுத் திரையில் நானூற்றுப் பன்னிரண்டே நின்றிருக்கிறது. அதை நம்பி இன்சுலின் போட்டுவிட்டார்கள். நாஹக் இருந்தால் வார்டுக்குப் போன் செய்து சொல்லியிருப்பார். அன்று அவருக்கு விடுமுறை.

அக்கா அந்த வரியை எடுத்துவிட்டுச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு நாஹக்குக்குப் போன் போட்டார்.

“ஐயா, ஜெம்பாத்தான் எழுதின முர்னி பேசறேன்.”

“அம்மா, நீங்க ஒரே ஆளா? நான் ஏதோ பெரிய ஆபீஸ்னுல்ல நெனச்சேன்.”

“ஒரே ஆளுதான்.”

“நான் கொஞ்சம் கோவமா எழுதியிருக்கணுமோ? மரியாதையா எழுதித் தொலைச்சிட்டேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “இறந்துபோனவங்க பேரு என்னங்க?” என்றார்.

“மார்த்தா. அம்பத்தோரு வயசு. சந்தையில வெத்தலை பாக்கு வித்தாங்க.”

“அவங்க வீட்டுல நான் பேசணும்.”

“என்னன்னு சொல்வீங்க? ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாருன்னு இருக்காங்க. அதையும் கெடுக்காதீங்கம்மா.”

அக்கா விடவில்லை, மருத்துவமனைக்கு எழுதி முகவரி கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் நடந்ததை, இறந்தவர் பெயரைச் சொல்லாமல், ஜெம்பாத்தானின் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிய எழுதினார். பிழை தன்னுடையது, கடிதம் பத்தொன்பது நாள் திறக்காமல் கிடந்தது, உடனே புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று. ‘கொலைகாரி’ என்று பதில் வந்தது. உதவுகிறோம் என்று நான்கு பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் நால்வரும் காணாமல் போனார்கள்.

“விட்டுடு” என்றார் வஹ்யோனோ, கோணிய வாயால்.

“விட்டா அடுத்த ஆளு யாருக்கு எழுதுவாங்க?”

அந்த நிறுவனத்து மேலாளர் போனிலேயே வந்தார். “அறிவிப்பை எடுத்துடுங்க மேடம். எங்க கஸ்டமருங்க பயந்து போறாங்க.”

“பயப்படட்டும். அதுக்குத்தான் போட்டேன்.”

ஒரு மாதத்தில் அவர்கள் ஜெம்பாத்தானை அப்படியே பிரதியெடுத்து, வேறு பெயர் வைத்து, அறிவிப்பில்லாமல் கருவிகளோடு கொடுக்கத் தொடங்கினார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தவரே அக்காதானே, தடுக்க வழியில்லை. அந்தப் பிரதியில் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு அவர் நான்கு முறை எழுதிவிட்டார். யாரும் பதில் போடவில்லை. நாளைக் காலை ஐந்தாவதை எழுதப் போகிறார்.