ஆறாவது எறியும் இடது கையும்

நாட்டுக்காக ஈட்டி எறியத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பேட்டி எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேராவது, “பிறவியிலேயே இடது கைப் பழக்கமா?” என்று கேட்டுவிடுவார்கள். ஆமாம் என்பேன். அது முழு உண்மை இல்லை. பிறந்தபோது இடது கை. மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை, அம்மாவின் தயவால், வலது கை.

மலேசியாவின் ஈப்போவில், குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையைப் பார்த்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் ஆட்சி அம்மாவுடையது. அம்மா நில அலுவலகத்தில் குமாஸ்தா. இஸ்திரி மடிப்புக் கலையாத பாஜு கூரோங் உடையும், அதைவிட விறைப்பான விதிகளும் அவரிடம் இருந்தன. என் இடது கை தட்டை நோக்கியோ பென்சிலை நோக்கியோ நீளும்போதெல்லாம் கரண்டிக் காம்பு அதன்மேல் இறங்கும். வலிக்கும்படி அடித்ததில்லை. ஆனால் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. பள்ளிக்கூடம் சேர்வதற்குள் நான் திருந்திவிட்டேன்.

இடைநிலைப் பள்ளி முதல் வருடத்தில், ஓட்டமும் எறிதலும் சொல்லிக்கொடுக்கும் எங்கள் திடல்தடச் சார் என் நீண்ட கைகளைப் பார்த்துவிட்டு ஈட்டிக்கு என் பேரைக் கொடுத்தார். வலது கையால்தான் எறிந்தேன். ஓடுவேன், குறுக்கடி வைப்பேன், எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி இருக்கும். ஈட்டி மட்டும் பாதி வழியில் சோர்ந்து விழும்.

பயிற்சி நடந்தது ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் திடலில். ரப்பர் மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். மூன்று பக்கமும் செம்பனை மரங்கள். மற்றவர்கள் போன பிறகு அம்மாவின் கார் வரும்வரை எனக்குக் கால்மணி நேரம் கிடைக்கும். அந்தக் கால்மணி நேரம் என் இடது கையுடையது. என் வலது கை எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்ட கை. இடது கை படிக்காமலே தெரிந்துவைத்திருந்தது. ஈட்டி விரலை விட்டுப் போகும்போதே அது எங்கே இறங்கும் என்று சொல்லிவிடுவேன். கார்ச் சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளையாக ஈட்டியை வலது கைக்கு மாற்றிக்கொள்வேன். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அம்மாவிடம் சொல்வார் என்ற பயம்தான்.

மாநிலப் பள்ளிப் போட்டி ஈப்போவிலேயே நடந்தது. முதல் இரண்டு இடம் வருகிறவர்களுக்குத் தேசியப் போட்டியில் எங்கள் பேராக் மாநிலச் சட்டை கிடைக்கும். ஆளுக்கு ஆறு எறி. ஐந்து எறி முடிந்தபோது நான் ஐந்தாவது இடத்தில் இருந்தேன். சார் தண்ணீர் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

“பீச்சாங்கையால போடுடி!”

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, அம்மா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த அம்மாமார்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அந்தச் சொல்லை என் வாயில்கூட வரவிடாதவர், தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நான் வேலியோரம் ஓடினேன்.

“தெனமும் திடலுக்கு வர்ற அந்த வளைவுல கார நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “போ. போய்ப் போடு.”

பின்னாலேயே வந்த சார் பதறிவிட்டார். “கை மாத்துனா காலும் மாறணும்லா! ஓட்டமே தப்பாயிரும்.”

“தப்பாகாது சார்,” என்றேன். அப்படி ஒரு குரலில் பெரியவர்களிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை.

கை மாற்றலாமா என்று நான் மலாய் மொழியில் கேட்டதற்கு, கோட்டருகே நின்ற நடுவர் வெயிலில் களைத்துப்போய், எந்தக் கையானாலும் கோட்டைத் தாண்டாதே என்று மட்டும் சொன்னார்.

ஓடினேன். கடைசி அடியில் வலது கால் தரையில் ஊன்றியதும், முதுகிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பித் தோள் வழியாக விரலுக்கு வந்து வெளியே போனது. ஈட்டி ஆடவில்லை, அசையவில்லை. மற்றவர்களுடைய ஈட்டிகள் குத்திய இடங்களைக் கிட்டத்தட்ட எல்லாம் தாண்டிப் போய் நின்றது. நாடா பிடித்து அளந்தார்கள். ஒரு சாண் குறைவில் முதலிடம் தவறியது. இரண்டாவது இடம், பேராக் சட்டை எனக்கு.

“இவ்ளோ நாளா இந்தக் கைய எங்க ஒளிச்சி வெச்சிருந்த?” என்று சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா கடையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தார். வெற்றிக் களிப்பில் என் இடது கை தட்டுக்குப் போனது. “சோத்துக்குச் சோத்தாங்கைதான்,” என்றார். சலுகை ஈட்டிக்கு மட்டும் என்று புரிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மா முதல்முறையாகக் காரைவிட்டு இறங்கித் திடலுக்குள் வந்தார். கொஞ்ச நேரம் நான் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, “இங்க குடு, நானும் ஒரு தடவ பாக்குறேன்,” என்றார்.

நீட்டினேன். அம்மா வாங்கிய ஈட்டி நேராக இடது தோளுக்கு மேலே போனது. இரண்டடி ஓடினார். ஒரு செருப்புக் கழன்று பின்னால் விழுந்தது. ஈட்டி பத்தடி தள்ளிப் படுத்தவாக்கில் விழுந்து புல்லில் சறுக்கியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அம்மா, அப்படியே என்ன மாதிரி செஞ்சி காட்டுறீங்களே!”

அம்மா வெறுமையான அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

“ஆமாலா,” என்றார். “உன்ன மாதிரிதான்.”

எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு தூரம் போகும், எதிர்க்காற்றில் முனையை எப்படித் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அந்த வயதிலேயே தெரியும். அம்மா என்னைக் கேலி செய்யவில்லை, அவருக்கும் பிறவியில் அதே கை என்பதுதான் தெரியவில்லை. இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.