கடலுக்குள் நிற்கும் கிணற்றுக்கு ஒரு சலாம்

ஒலுவில் கடற்கரையில் என் மகள் சொன்ன சலாத்துக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? போய் வந்து ஒரு கிழமையாகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. எனக்குக் கேட்டது ஒரு குரல். அவள் இரண்டு என்கிறாள்.

நாங்கள் அங்கே போனது வீடு பார்க்க. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வருடத் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. கணவர் கத்தாரில். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நாலு வயதுப் பிள்ளையின் பின்னால் பகல் முழுவதும் அவரால் ஓட முடியாது. வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்கார மாமி பிள்ளையையும் பார்த்துக்கொள்வார் என்று அங்கே வேலை செய்யும் சிநேகிதி ஸீனத் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரே கவலை, மகள் ஹனா. வாப்பா கத்தாருக்குப் போனதிலிருந்து அவளுக்கு இருட்டென்றால் பயம். லைட்டை அணைத்தால் அழுகை. ஒலுவில் மாணவர்கள் சொல்லும் ஜின் கதைகளோ எங்கள் கல்முனை வரைக்கும் வந்து சேர்பவை. அப்படி ஓர் ஊருக்கு இப்படி ஒரு பிள்ளையைக் கொண்டுபோகலாமா?

சனிக்கிழமை காலை, கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினோம். ஒலுவிலுக்கு இருபது கிலோமீற்றர் அளவு தூரம். சாய்ந்தமருது தாண்டுமுன்பே இறந்தவர்களை அடக்கும் மையவாடி ஒன்று வந்தது. ஹனா ஜன்னலில் முகத்தை ஒட்டி, "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்று உரக்கச் சொன்னாள். கபுறாளிகளுக்குச் சலாம் சொல்லிக் கடப்பது எங்கள் வழக்கம். ஆனால் இருட்டுப் பயத்துக்கு மருந்தாக, "யாரும் இரிக்கிற மாதிரித் தெரிஞ்சா சலாம் சொல்லுங்க மகள், சலாம் சொன்னா ஒண்டும் செய்ய மாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அவங்க பதில் சொல்லுவாங்களா என்று கேட்டாள். சொல்லுவாங்க, நமக்குக் கேட்காது என்றேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சிரித்தார். "இந்தப் புள்ள அக்கரைப்பற்றுக்குப் போறதுக்குள்ள உசிரோட இரிக்கிற ஆக்களுக்கும் சேத்துச் சலாம் சொல்லி முடிச்சிரும்."

காரைதீவு, நிந்தவூர். அதன்பின் இருபக்கமும் வயல். பச்சை முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. களியோடைப் பாலம் கடந்ததும் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழும்பி வந்தன.

சந்தியில் ஸீனத் முச்சக்கர வண்டியோடு நின்றாள். வளாகத்தைச் சுற்றிக் காட்டிக் கடற்கரை வரை போக அறுநூறு ரூபாய். ஏறியதுமே கதைகளைத் தொடங்கிவிட்டாள்.

"அந்த மண்டபம் இரிக்கெல்லா, அதில பேர் கூப்புடக்குள்ள வராத புள்ளட பேருக்கும் 'ஓம்' எண்டு ஒரு சத்தம் வருமாம்."

"அது ஜின் இல்ல ராத்தா, கூட்டாளிமார்" என்றார் ஓட்டுநர்.

"நீங்க ஓடுங்க காக்கா. விடுதியில கேளுங்க, குளியலறையில ஆரோ தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யிற சத்தம். போய்ப் பாத்தா பைப் பூட்டிக் கிடக்கும், நிலம் மட்டும் ஈரம்."

"நீ பாத்தியாகா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கல்ல. மேல் மாடிப் புள்ளையள்தான் பாத்த."

"எப்பவும் மேல் மாடிதான்" என்றார் ஓட்டுநர்.

சிரித்தேனே தவிர, என் இரண்டு கைகளும் ஹனாவின் காதுகளைப் பொத்தியிருந்தன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனால் பூட்டு. மாமி மீன் வாங்கக் கரைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "நல்லதாப் போச்சு. உண்மையான சாமான் கரையிலதான் இரிக்கி" என்றாள் ஸீனத்.

இதற்கு முன் எத்தனையோ கடற்கரை பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. கடல் கரையை அரித்து அரித்து உள்ளே வந்திருக்கிறது. வீடுகளும் வளவுகளும் இருந்த இடத்தில் தண்ணீர். தென்னங்குற்றிகள் அலைக்குள் தலைகாட்டி மறைந்தன. அவற்றுக்கு நடுவே, சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், ஒரு கிணறு மட்டும் நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சீமெந்து வளையங்கள், ஆள் உயரத்துக்கும் மேலே. நிலத்துக்குள் இறங்க வேண்டிய கிணறு கோபுரம்போல் கடலுக்கு மேலே நிற்கிறது. ஸுப்ஹானல்லாஹ் என்றேன்.

"கேளு" என்றாள் ஸீனத்.

டொக். வாளி கிணற்று வளையத்தில் முட்டும் சத்தம். அங்கே கயிறும் இல்லை, வாளியும் இல்லை. அலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அலை வந்து திரும்பிப் போன பிறகும் ஒருமுறை கேட்டது. டொக்.

ஹனா என் விரலை விட்டாள். முன்னே நடந்து, ஈர மணலில் நின்று, கிணற்றைப் பார்த்துச் சொன்னாள்: "அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

ஸீனத் என் அபாயாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், மீன் பையோடு ஒரு பெண் நிற்கிறார். ஐம்பது வயது இருக்கும். எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஜின் எண்டு நினைச்சிட்டீங்களா? இது எங்கட கிணறு. நான் பதில் சொல்லாம வேறாரு சொல்ற?"

நாங்கள் பார்க்க வந்த வீட்டுக்கார மாமி அவர்தான். ஹனா நின்ற இடத்தைக் காட்டினார். "இதிலதான் எங்கட கடப்பு இருந்த. வாற ஆக்கள் கடப்புல நிண்டு சலாம் சொல்லித்தான் வளவுக்குள்ள வருவாங்க. கடல் எடுத்த பொறகு இதில வந்து நிண்டு சலாம் சொன்ன மொத ஆள் இந்த மகள்தான்."

"மாமி, அந்தச் சத்தம்?" என்று கேட்டேன்.

"ஓம், கேக்கும். எங்கட உம்மா தண்ணி அள்ளினாலும் இப்பிடித்தான், வாளிய முட்டி முட்டித்தான் அள்ளுவா. அவ மௌத்தாகி அடக்கின பொறகுதான் கடல் வந்த. அலைதான் எண்டு மகன் சொல்றான்." மீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அலையாவும் இரிக்கும்" என்றார்.

மாமி கூட்டிப்போய்க் காட்டிய வீடு துப்புரவாக இருந்தது. இரண்டு அறை, வாடகை பதினையாயிரம். ஹனாவுக்கு அவர் மீன் பொரித்துக் கொடுத்தார். முள் எடுத்து ஊட்டியும் விட்டார். மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொன்னார். பொழுதுபட்டு மஃரிபு வருமுன் பிள்ளையை வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டுமே என்று நான் எல்லோரையும் அவசரப்படுத்தினேன்.

திரும்பும் பஸ்ஸில் நிந்தவூரை நெருங்கும்போது ஹனா சொன்னாள்: "உம்மா, ரெண்டு பேர் பதில் சொன்னாங்க."

"ஒராள்தான் மகள். அந்த மாமி."

"மாமி பின்னுக்கு நிண்டு சொன்னாங்க. மத்தாள் முன்னுக்கு."

"பயமா இருந்ததா?"

"இல்ல. அவங்கதான் சலாம் சொன்னாங்களே."

அப்படியே என் மடியில் தூங்கிவிட்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு இந்த ஒரு கிழமையாக அவள் லைட் கேட்கவில்லை. இப்போது லைட் தேவைப்படுவது எனக்கு.

கல்முனைக்குடியில் எங்கள் கரையிலும் சுனாமி கொண்டுபோன வீடுகளின் அத்திவாரங்கள் கிடக்கின்றன. அங்கே யாரும் ஜின் கதை சொல்வதில்லை. போனவர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். மையவாடிக்குச் சலாம் சொல்லும் நான், அந்த வாசல்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. முந்தாநாள் சொன்னேன். சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பதிலுக்காகக் கொஞ்சம் நின்றேன். அலைச் சத்தம்தான் கேட்டது.

இதை வாசிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். எனக்கு ஒரு புத்தி சொல்லுங்கள். ஒரு குரல்தான் என்று மகளைத் திருத்தவா? திருத்தினால் அந்தப் பயம் திரும்பி வந்துவிடுமா? மாமிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் அந்த வீட்டை எடுப்பீர்களா?