நான் ஆளுநரான ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நான் ஒரு நகரத்துக்கே ஆளுநராக இருந்தேன். அந்த நகரம், பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் நாங்கள் ஆன்ரி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா. சிரியாவிலிருந்து வந்தவர். அவரும் அம்மாவும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தார்கள். நீண்ட பஸ் பயணத்தில் ஆன்ரி தான் இளவயதில் படித்த அரபு நாவலொன்றைப் பிரெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குத் தமிழில் சொல்லுவா. ஆன்ரியின் நாட்டில் அந்த நாவலை வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம்கூட இல்லை.

கதையில் ஓர் ஆளுநர், ஒருவரும் வீட்டுக் கதவைப் பூட்டக்கூடாதென்று சட்டம் போடுகிறான். அவனுடைய ஆட்கள் எந்த நேரமும் உள்ளே வரலாம். ஊரே பணிந்துவிட, ஓர் ஆசிரியை மட்டும் கதவைப் பூட்டிக்கொள்கிறாள்.

இதை நாடகமாகப் போடுவோம் என்று ஆன்ரியின் மகளிடம் சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள். ஆசிரியை அவள். ஆளுநர் வேஷத்தை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அப்பாவின் குளிர்க்கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க, தம்பியின் ஹொக்கி மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து பழகினேன். பேஸ்மென்ட் குளியலறைதான் ஆசிரியையின் வீடு.

இரண்டு வீட்டாரும் வந்து அமர்ந்தார்கள். அப்பா அதிகம் கதைக்காத மனிதர். ஆன்ரியின் கணவரோடு அவருக்கு வேலிக்கு மேலால் தலையாட்டும் பழக்கம் மட்டும்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது.

மட்டையால் கதவில் இடித்துப் பிரெஞ்சில் கத்தினேன். அப்பாவுக்கு விளங்கட்டுமென்று தமிழிலும் கத்தினேன்.

"கதவைத் திற. வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள்? எல்லாரும் வெளியில வா."

அந்த வசனம் நாவலில் இல்லை. பெரியவர்கள், ஊரில் இராணுவம் வீடு வீடாகத் தேடிய கதை கதைக்கும்போது என் காதில் விழுந்தது.

கதைப்படி ஆசிரியை கடைசியில் கதவைத் திறக்கவேண்டும், நான் அவளைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். கைப்பிடி திரும்பியது. அப்போது அப்பா எழுந்தார்.

"திறக்காதை பிள்ளை," என்றார்.

ஆன்ரியின் கணவரும் எழுந்து அரபியில் ஏதோ சொன்னார். கைப்பிடி நின்றுவிட்டது. இருவரும் வந்து கதவுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள்.

"அப்பா, தள்ளுங்கோ. அவள் வெளியில வரவேணும். கதை அப்பிடித்தான்."

"வரமாட்டாள். நீ போ."

மட்டையை ஓங்கினேன், அதட்டினேன். ஓர் ஆளுநர் செய்யக்கூடிய எல்லாம் செய்தேன். இருவரும் அசையவில்லை. ஆன்ரிதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் சொன்னேன்.

அதன்பின் அப்பாவும் ஆன்ரியின் கணவரும் படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அவர் அரபியிலும் இவர் தமிழிலுமாகக் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள். அப்பா அவ்வளவு நேரம் கதைத்து நான் பார்த்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்தபடி தேத்தண்ணி ஊற்றினா.

என் நடிப்பு அத்தனை தத்ரூபம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அடுத்த ஞாயிறும் நான்தான் ஆளுநர் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். பெரியவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.