வெள்ளைச் சட்டையில் சிறியாநங்கைச் சாறு

சிறியாநங்கை இலையின் கசப்பு லேசில் போகாது. தேத்தண்ணி குடித்தாலும், சீனியை அள்ளி வாயில் போட்டாலும், சோறு தின்று கை கழுவிய பிறகும் தொண்டையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, எச்சில் விழுங்கும்போதெல்லாம் தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளர்ந்த எங்களில் அந்தக் கசப்பை அறியாத பிள்ளை கிடையாது. பூரான் கடித்தாலும் குளவி கொட்டினாலும் எங்களை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது அழகர் மாமாவின் கோழிக்கூட்டுக்கு முன்னால்தான்.

அழகர் மாமா வைத்தியர் ஒன்றும் இல்லை. தேயிலை மலையில் ‘கான்’ வெட்டுகிறவர், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் துப்புரவாக்கும் ஆள். எங்கள் குளிருக்கு நிற்காத அந்தச் செடியைக் கோழிக்கூட்டின் சூட்டில், மூன்று பக்கமும் சாக்கு கட்டி, பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்து வைத்திருந்தார். பாம்பு கடித்தது என்று ஆள் ஓடிவந்தால் அவர் முதலில் செடியிடம் போகமாட்டார். “மொதல்ல கொழுந்து லொறிய நிப்பாட்டுங்கடா” என்று கத்துவார். லொறி வந்து சேரும் நேரத்துக்குள்தான் இலையை இடிப்பார். புறப்படும்போது அதே இலையில் ஒரு கொத்தைப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, டொக்டர் கையில் கொடுக்கச் சொல்வார். “எலை வீக்கத்துக்கும் பயத்துக்கும். வெசத்துக்கு ஊசிதான். நான் என்ன குடுத்தேன்னு அவருக்குத் தெரியணும்ல” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எனக்கு இருந்த திமிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் லயத்தில் சிங்களம் சரளமாகப் பேசுகிற பிள்ளை நான் ஒருத்திதான். அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் மூடநம்பிக்கைகள் பற்றி ஒரு பேச்சுப் பேசி, இலை குழையை அரைத்துக் கட்டுகிறவர்களை எல்லாம் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விஞ்ஞான டீச்சர், “நீர் நல்லாப் படிச்சு இஞ்சையிருந்து வெளிக்கிட வேணும், என்ன” என்று என் தோளில் தட்டியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கோ அன்றிலிருந்து லயம், அதன் புகை, அம்மாவின் கொழுந்துக் கறை படிந்த விரல்கள், எல்லாமே வெட்கமாகிப் போயின.

அம்மாவைப் பாம்பு கடித்தது ஒரு பின்னேரத்தில். பள்ளிக்கூடம் விட்டு, வெள்ளைச் சட்டையோடு நான் லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து பறிக்கச் செடிக்குள் விட்ட இடது கையில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அழகர் மாமா லொறிக்கு ஆள் அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு அரை டம்ளர் சாறு கொடுத்தார். பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருக்கும் ராசாத்தி அக்கா அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பொட்டலம் என் கைக்கு வந்தது.

“புள்ள, நீதான் டொக்டர்கிட்ட பேசணும். என்ன குடிச்சா, எவ்வளவு, எத்தன மணிக்கு, மூணையும் சொல்லு. வாந்தி வந்தாலும் வரும், எலைக்கு அப்படி வரும்னு மறக்காமச் சொல்லிரு” என்றார்.

லொறியின் முன் ஆசனத்தில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஈரப் பேப்பர் கசிந்து, வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஊறியது. பின்னால் அம்மா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதவே கை கூசுகிறது: இந்தத் தழையை நீட்டினால் டொக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நானும் இந்தக் கூட்டம்தான் என்று நினைப்பார். பாலத்தடியில் லொறி திரும்பும்போது பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டேன்.

டொக்டர் சிங்களவர், இளவயது, பொறுமையாகப் பேசினார். பாம்பைப் பற்றிக் கேட்டார். வாந்தி எத்தனை தரம் என்று கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

“மொக்குத் நே, டொக்டர்” என்றேன். ஒன்றுமில்லை என்று, நல்ல சுத்தமான சிங்களத்தில். ராசாத்தி அக்காவுக்கு அந்தப் பேச்சு விளங்காது. அம்மா அரை மயக்கத்தில் இருந்தாள்.

வாந்தி நிற்கவில்லை. அதை விஷத்தின் அடையாளமாக எடுத்து, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் அம்மாவின் உடம்பு முழுக்கத் தடித்துச் சிவந்து, பற்கள் கிட்டிக்கும் அளவுக்கு நடுக்கம் எடுத்து, மூச்சு இழுத்தது. அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, கட்டிலைச் சுற்றி ஓடிய தாதிமாரின் கால்களைப் பார்த்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா செத்துப்போவாள், நான்தான் கொன்றேன் என்று தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை.

குறுக்குப் பாதையால் நடந்தே வந்துவிட்டார் அழகர் மாமா. கால் முழுக்கச் சேறு. “பொட்டலத்தக் குடுத்தியா புள்ள?” என்று கேட்டார். அவர் என் சட்டையைப் பார்த்தார், பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார். நேரே டொக்டரிடம் போய், தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லைக் கொண்டு தான் சாறு கொடுத்ததைச் சொல்லிவிட்டார்.

அதற்குள் அம்மாவின் மூச்சு சீராகியிருந்தது. டொக்டருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. நான் சொல்வதை இந்த ஆளுக்குத் தமிழில் சொல் என்றார் என்னிடம். சொன்னேன்: இரத்தம் ஒழுங்காக உறைந்ததாம், அது விஷம் ஏறாததற்கு அடையாளமாம், வாந்திதான் குழப்பியதாம், இலைச் சங்கதி தெரிந்திருந்தால் பொறுத்துப் பார்த்திருப்பாராம், உங்களைப் போன்றவர்களால்தான் தோட்டத்துச் சனம் சாகிறதாம். வாசலில் நின்ற சனம் எல்லாம் கேட்க, ஒரு சொல்லைக்கூட விடாமல் மொழிபெயர்த்தேன். கடைசியாக டொக்டர், இந்தப் பிள்ளை ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

“அதுக்குத் தெரியாதுங்க. அது வர்றதுக்கு முந்தியே குடுத்துட்டேன்” என்றார் அழகர் மாமா, என்னைப் பார்க்காமல்.

அந்தப் பொய்யையும் நானே சிங்களத்தில் சொன்னேன்.

செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. காலைப் ‘பெரட்டில்’, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் துரை, தோட்டத்து நிர்வாகி, அழகர் மாமாவை நிற்க வைத்து, இனி யாருக்கும் ஒரு இலையும் கொடுக்கக்கூடாது என்றார். அன்று பின்னேரமே மாமா தன் கையாலேயே செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அடுத்த வருடம் கீழ் லயத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது, மாமாவிடம் யாரும் ஓடவில்லை, லொறியை நிப்பாட்டு என்று கத்த ஆள் இல்லை. மந்திரிக்கிறவர் ஒருவர் அவரை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார். இரண்டு விரல்கள் போயின. அந்த மனிதரை வழியில் கண்டால் இன்றைக்கும் என்னால் முகம் பார்த்துப் பேச முடியாது.

இப்போது நான் தாதி. பாம்புக்கடியோடு வருகிறவர்களின் சொந்தக்காரரிடம் முதலில், “என்ன குடுத்தீங்க? ஏச மாட்டேன், சொல்லுங்க” என்று கேட்கிறேன். அப்படியும் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பொய் அது. விஷமுறிவு மருந்தோடு மூலிகையும் துணை செய்யுமா என்று ஆராய்கிறார்களாம். செய்யலாம், செய்யாமலும் போகலாம். கடிபட்டவருக்கு வழியில் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அழகர் மாமா அந்தச் சாற்றைக் கொடுத்ததும் பிழைதான். ஆனால் அவர் தன் பிழையையும் பேப்பரில் மடித்து டொக்டருக்கு அனுப்பினார்.

அவர் இறந்து சில வருடங்களாகின்றன. உயிரோடு இருந்தவரை நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை என்று காரணத்துக்கா பஞ்சம். போன மாதம்தான், என்னோடு இருக்கிற அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“தெரியும்டி. அந்தச் சட்டையத் தொவச்சது யாரு? மோந்து பாத்தேன், வெளங்கிருச்சு.”

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

“ஒன்னயக் காட்டிக் குடுக்க மனசு வரல. நானும் வாயத் தொறக்காமத்தான் இருந்தேன்” என்றாள். பிறகு, “பீலித் தண்ணியில நான் தொவச்சுக்கிட்டு இருக்கப்ப அழகர் அண்ணே மேல ரோட்டுல போனாரு. நின்னு பாத்துட்டு, ‘கற போகுதா தங்கச்சி’ன்னு கேட்டாரு. போகலண்ணேன்னேன். ‘எலுமிச்சங்கா தேச்சுப் போடு, புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்ல’ன்னாரு” என்றாள்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். கோழிக்கூடு இல்லை, அந்த இடத்தில் யாரோ சீமெந்து போட்டு முச்சக்கரவண்டி நிறுத்தியிருக்கிறார்கள். அன்று, அம்மா பீலியில் துவைத்த மறுநாள், நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.